கூடப் பிறந்த எலிகள்

விருத்தாசலத்தில் ஒரு பார்மசி கல்லூரியில் சோதனை எலிகளை வளர்க்கும் அனிமல் ஹவுஸைப் பணி ஓய்வு வரை பார்த்துக்கொண்டவள் நான். மாணவர்கள் எனக்கு வைத்த பெயர் எலி மேடம். எனக்குக் கோபமில்லை. மனிதர்களைவிடச் சுண்டெலிகள்தான் சொன்ன பேச்சைக் கேட்கும்.

மகளின் பிரசவத்துக்காக லீவு போட்டுவிட்டுத் திரும்பிய அன்றே ரேவதி ஓடிவந்தாள். எம்.பார்ம் மாணவி, கருவேப்பிலங்குறிச்சிக்காரி. அவள் அம்மாவுக்கு செராமிக் கம்பெனியில் காய்ந்த பொம்மைகளைத் தேய்த்து வழவழப்பாக்கும் வேலை. நாள் முழுக்கத் தூசி, வீட்டுக்கு வந்தால் இருமல். அந்தத் தூசியிலிருந்து நுரையீரலைக் காக்க ஒரு மூலிகைச் சாறு உதவுமா என்று எலிகளுக்குத் தூசி ஏற்றிப் பார்ப்பதுதான் ரேவதியின் பிராஜெக்ட்.

"மேடம், சாறு குடுத்த எலிங்களுக்கு லங்ஸு எவ்ளோ நல்லா இருக்குது தெரியுங்களா? குடுக்காததுங்களுக்கு ஒரே வீக்கம். அம்மாவுக்கும் காய்ச்சிக் குடுக்க ஆரம்பிச்சிட்டேன்."

"உங்கம்மா என்னா எலியா?" என்றேன். அவள் சிரித்தாள்.

அறுத்துப் பார்த்ததுபோக மிச்சமிருந்த எலிகளின் கூண்டுகளைப் போய்ப் பார்த்தேன். சாறு குடித்த எலிகள் மூடியைத் திறந்ததும் மூக்கை நீட்டின. நாங்களே வளர்த்தவை, கைக்குப் பழகியவை. சாறு கொடுக்காமல் ஒப்பிடுவதற்காக வைத்திருந்த கண்ட்ரோல் எலிகளோ மூலைக்கு ஓடி ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டன.

"இதுங்க எங்கேருந்து வந்துச்சு?"

"நம்மகிட்ட பத்தலைங்க மேடம். கைடு சார்தான் சென்னையிலேருந்து வாங்கிக் குடுத்தாரு."

சித்திரை வெயிலில் வேன் ஏறி வந்தவை. வேறு வம்சம், வேறு தீனி, வேறு அறை. என்னென்ன கிருமியோடு வந்தனவோ. அவற்றின் நுரையீரல் கூடுதலாக வீங்கியதற்குச் சாறு குடிக்காததுதான் காரணம் என்று எப்படிச் சொல்வது? எங்கள் ஊரில் பீங்கானுக்குப் புது கிளேஸ் பூச்சு போட்டுப் பார்ப்பவர்கள்கூட ஒரே மண்ணில் வார்த்து, ஒரே சூளையில் வைத்துத்தான் ஒப்பிடுவார்கள்.

ரேவதியின் கைடிடம் போனேன்.

"சப்மிஷன் நேரத்துல இப்படிச் சொன்னா எப்படிங்க மேடம்?"

"அவ அம்மா அதக் குடிக்கிறாங்க சார்."

சோதனையை மறுபடி செய்ய அனுமதி கேட்டு எதிக்ஸ் கமிட்டிக்கு எழுதினார். ரிசல்ட் வரும்வரை சாற்றை நிறுத்தச் சொல் என்றேன் ரேவதியிடம். இருமல் குறைந்தாற்போல இருக்கிறது என்று சொல்லி அம்மா நிறுத்தவில்லையாம்.

இந்த முறை கூடப் பிறந்த எலிகளையே எடுத்தோம். ஒரே ஈற்றில் பிறந்த ஆண் குட்டிகளில் பாதிக்குச் சாறு, பாதிக்கு வெறும் தண்ணீர். ஒரே தாயின் பால், ஒரே கூண்டு, ஒரே தூசி. அடையாளத்துக்கு வாலில் ஒரு மார்க்கர் கோடு, அவ்வளவுதான். குட்டி ஈன்று, பால் மறந்து, வளரும்வரை காத்திருந்தோம்.

கடைசியில் நுரையீரலை ஸ்லைடில் வைத்துப் பார்த்தால் சாறு குடித்ததற்கும் தண்ணீர் குடித்ததற்கும் ஒரே வீக்கம். சாறு ஒன்றும் செய்யவில்லை.

ரேவதி வராந்தாவில் உட்கார்ந்து அழுதாள். டிகிரிக்காக அழுகிறாள் என்று நினைத்தேன். "பலன் இல்லன்னு எழுதினாலும் அது ரிசல்ட்டுதான்டி" என்றேன்.

"அது இல்லைங்க மேடம். அம்மா வேலையில மூஞ்சிக்குத் துணி கட்றத நிறுத்திட்டாங்களாம். நேத்துதான் தெரிஞ்சிது. மருந்துதான் குடிக்கிறேனேங்கிறாங்க."

அன்று சாயங்காலமே இருவரும் பஸ் ஏறினோம். அம்மா அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தார். புருவமெல்லாம் வெள்ளைத் தூசி. ரேவதி விஷயத்தைச் சொன்னாள்.

"அப்பாடா, இனிமே அந்தக் கசப்பக் குடிக்க வேணாம்" என்று சிரித்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அப்ப இத்தினி நாளா மூக்கத் தொறந்து வச்சிக்கிட்டு வேல செஞ்சனே பாப்பா, அது?"



ஆராய்ச்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். கூடப் பிறந்த குட்டிகளுக்காகக் காத்திருப்பது தண்டமாகத்தான் தெரியும். காத்திருங்கள். நீங்கள் அவசரத்தில் சொல்லும் பதிலை நம்பி, யாரோ ஒருவர் முகத்துணியை அவிழ்த்துவிடுவார்.