உறைக்குள் சோளக்கட்டை

நான் கார் ஓட்டிய முதலாளியின் இடுப்பில் எப்போதும் ஒரு ரிவால்வர் இருக்கும். அவருடைய அப்பா பெங்களூரில் ஓய்வுபெற்ற ராணுவக்காரர் ஒருவரிடம் வாங்கியது. கோழிக் கழுத்தை மடக்குவதுபோல நடுவில் மடக்கித்தான் குண்டு போட வேண்டும். குண்டுகளில் பச்சை பூத்திருந்தது. சுட்டால் முன்னால் போகுமா, கையிலேயே வெடிக்குமா என்று அவருக்கே தெரியாது. நான் இருந்தவரை அவர் சுட்டதில்லை. பிரேக்கைக் கொஞ்சம் அழுத்திப் போட்டால், பின்சீட்டிலிருந்து அதன் முனையை என் பிடரியில் வைத்து, "மெதுவாடா, உள்ள மனுசன் உக்காந்திருக்கேன்" என்பார். ஏசி காற்றில் இரும்பு சில்லென்று இருக்கும். பழகிவிட்டது.

ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பாரூரில் கரும்பு வெட்டினேன். அத்திப்பள்ளியில் லாரி கிளீனராக இருந்தேன். ஓசூரில் ஒரு கம்பெனி கேண்டீனில் தட்டு கழுவினேன். எங்கும் ஒரு வருஷம் முழுசாகத் தங்கியதில்லை. கை நன்றாக இருந்தால் போகிற இடத்தில் சோறு கிடைக்கும் என்பது என் எண்ணம்.

முதலாளிக்குச் சானமாவுப் பக்கம் ரோஜாத் தோட்டம். பக்கத்து நிலம் அவருடைய பெரியப்பா மகனுடையது. நடுவில் பொதுக் கிணறு. கம்பெனிகள் வந்து நிலத்தின் விலை ஏறியதிலிருந்து இரண்டு வீடும் பேசிக்கொள்வதில்லை. காட்டிலிருந்து யானை இறங்கினால் மட்டும் ஒருவரையொருவர் கூப்பிட்டுக் கத்துவார்கள்.

தேர்தல் அறிவித்துவிட்டால் லைசென்ஸ் துப்பாக்கிகளைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். ஓட்டு எண்ணி முடிந்த பிறகுதான் திரும்பக் கிடைக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு வந்த தேர்தலுக்கு நாங்கள் போனபோது வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்றது அந்தப் பங்காளிதான், தோளில் இரட்டைக் குழல் துப்பாக்கியோடு.

எஸ்.ஐ. ரிவால்வரைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "புதுப்பிக்கிற நேரம் வருது. உயிருக்கு ஆபத்துன்னு இத்தனை வருஷமா கட்டிட்டுத் திரியறீங்க. ஒருத்தனாவது உங்க மேல கை வச்சிருக்கானா? ஒரு கேஸ் இருக்கா? எதுவுமே இல்லாம நான் என்னன்னுங்க எழுதறது?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். திரும்பும்போது கம்பெனி பஸ்களுக்கு நடுவே மாட்டி நின்றோம். முதலாளி வெளியே பார்த்தபடி, "ஒரு நாயும் என்னை மதிச்சு அடிக்கலயேடா" என்றார்.

மறுநாள் ரிவால்வரின் தோல் உறையை என்னிடம் கொடுத்தார். உள்ளே சோளக்கட்டையைத் துணியில் சுற்றித் திணித்திருந்தார்.

"பெல்ட்ல மாட்டிக்க. சட்டைய வெளிய விட்டுக்க, பாதி தெரியணும்."

"எதுக்குண்ணா? துப்பாக்கி ஸ்டேஷன்ல இருக்குன்னு ஊருக்கே தெரியுமே."

"தெரிஞ்சா தெரியட்டும். மாட்டுடா."

மாட்டினேன். டீக்கடையில் பேப்பர் கப்புக்குப் பதிலாகக் கண்ணாடி டம்ளர் வந்தது. "போலீஸ்ல சேந்துட்டியாப்பா?" என்று மாஸ்டர் கேட்டார். என் நடையும் கொஞ்சம் மாறித்தான் போனது.

ஒரு காலையில் முதலாளி, "கிணத்துக்குப் போய் அவங்க மோட்டார் ஃப்யூஸைப் புடுங்கிட்டு வா. கேட்டா இடுப்பைத் தட்டு. வாயைத் திறக்காத" என்றார். பைக்கில் போனேன். பங்காளியும் அவருடைய இரண்டு மகன்களும் மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். நான் ஃப்யூஸில் கை வைத்தேன். பெரிய மகன் எழுந்து வந்தான். இடுப்பைத் தட்டினேன்.

"திய்யிரா, சூத்தாம்" என்றான் தெலுங்கில். எடுடா, பார்க்கலாம்.

நான் எடுக்கவில்லை. அவனே எடுத்தான். துணி பிரிந்து சோளக்கட்டை மண்ணில் விழுந்தது. மூன்று பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிப்போடு விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன்.

"இதுக்கும் லைசென்ஸ் வாங்கியிருக்கானான்னு கேளுப்பா" என்றான் சின்னவன்.

"எந்தக் கைடா துப்பாக்கி எடுக்கும்?" என்று அப்பா கேட்டார். என் வலது கையை மோட்டார் மேடைமேல் வைத்து மகன்கள் அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள். அவர் ஸ்பேனரால் அடித்தார். எலும்பு நொறுங்கும் சத்தம் வந்த பிறகும் அடித்தார்.

அவர்கள் போன பிறகுதான் முதலாளி வந்தார். ஆஸ்பத்திரியில் என்னைச் சேர்த்ததும் அவர்தான். வாக்குமூலம் எழுத வந்த கான்ஸ்டபிளிடம் தன் செல்போனை நீட்டினார். ரோட்டோரம் காருக்குள் உட்கார்ந்து எடுத்த வீடியோ. தூரத்தில் சின்னதாக நான். கண்ணாடியை ஏற்றியிருந்ததால் என் அலறல் அதில் இல்லை. அவருடைய குரல்தான் இருந்தது, ரொம்ப மெதுவாக: "நகராதடா. மறைக்காத. நகராத."

"அவரைத் தேடி வந்தவங்க. நீ குறுக்க மாட்டிக்கிட்ட. அப்படித்தானே?" என்று கான்ஸ்டபிள் கேட்டார். முதலாளி என் நல்ல கையைத் தடவிக்கொண்டிருந்தார். அப்படித்தான் என்றேன். வெளியே வந்தால் படுக்க ஓர் இடம் வேண்டும்.

துப்பாக்கி உறையோடு ஆள் அனுப்பி மிரட்டினார்கள் என்று பங்காளியும் ஒரு புகார் கொடுத்தார். பிறகு இரண்டு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி, கேஸ் நடக்காமல் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் ஒருவரால் மற்றவர் உயிருக்கு ஆபத்து என்பது ஸ்டேஷனில் பதிவாகிவிட்டது. இரண்டு லைசென்ஸும் புதுப்பித்துக் கிடைத்தன.

ஓட்டு எண்ணி முடிந்ததும் மறுபடி அதே ஸ்டேஷன், அதே வரிசை. புது டிரைவர் வெளியே காரில் இருந்தான். கட்டுப் பிரித்த என் கையைப் பங்காளி பார்த்தார்.

"எப்படிடா இருக்கு?"

"அவனுக்கென்னண்ணா, சின்ன வயசு. கூடிக்கும்" என்றார் முதலாளி.

"ஆமா, எலும்புதானே."

முதலாளி ரிவால்வரை வாங்கி உறையில் போட்டார். "மாட்டி விடுடா" என்று என் பக்கம் திரும்பி நின்றார். விரல்கள் மடங்கவில்லை. பெல்ட் பக்கிள் நழுவி நழுவிப் போனது.

"இதுகூட வரலன்னா உன்னை வச்சு நான் என்ன பண்றது?" கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே யோசித்தார்.

பங்காளி தன் துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து, என்னைத் தள்ளி நிற்கச் சொல்லி, குனிந்து பக்கிளைப் போட்டுவிட்டார்.

"இறுக்கமா இருக்காப்பா?"

"சரியா இருக்குண்ணா."