ஒரு காலைப்பொழுது மட்டும் தெரிந்த பெரிய எழுத்து

அந்த நாட்களில் காலையில் கடையைத் திறந்ததும் நான் செய்கிற முதல் வேலை, ஆப்பரேட்டரம்மாவின் கம்ப்யூட்டர் திரையைத் துடைப்பது. கண்ணாடியின் நடுவில், கொஞ்சம் மேலாக, சிவப்பாக ஒரு தீற்றல் ஒட்டியிருக்கும். அவர் நெற்றிக் குங்குமம் அது. எழுத்தைப் படிக்க அவர் அவ்வளவு கிட்டே குனிவார். நெற்றி போய்த் திரையில் முட்டுவதுகூட அவருக்குத் தெரியாது. ஈரத் துணியால் துடைத்துவிட்டு நான் பேசாமல் இருந்துவிடுவேன். அவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். அச்சாபீஸில் எடுபிடியாக நுழைந்து, ஈய எழுத்துக் கோத்து, டிரெடில் அச்சு மிஷின் மிதித்து, பிறகு சொந்தமாக அச்சகம் வைத்தவன். கீழமாசி வீதிக்குப் பின்னால் எங்கள் சந்துக்குள் முதல் கம்ப்யூட்டரை வண்டியிலிருந்து இறக்கியது என் கடையில்தான். பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொல்வது வழக்கம். நான் பெருமைக்குத்தான் சொல்கிறேன். பட்டம் வாங்கியவர்கள் அதைத் தொடப் பயந்துகொண்டிருந்தபோது நான் கடன் வாங்கி அதை மேஜையில் வைத்தேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை என்றால் மதுரையில் மட்டுமில்லை, மேற்கே உசிலம்பட்டி வரை என் கடைப் பெயரைத்தான் சொல்வார்கள். அந்தப் பெயரில் பாதி ஆப்பரேட்டரம்மா சம்பாதித்துக் கொடுத்தது. அதைச் சொல்லவும் எனக்குக் கூச்சமில்லை.

அவர் சௌராஷ்டிரக் குடும்பம். வில்லாபுரத்தில் வீடு. கணவர் சாயப் பட்டறையில் வேலை பார்த்து மூச்சிரைப்பு வந்து வீட்டோடு உட்கார்ந்துவிட்டார். இரண்டு பெண் பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். வீடு முழுக்க இந்த அம்மாவின் விரல்களை நம்பித்தான் ஓடியது. எங்கள் பக்கத்துப் பத்திரிகை என்றால் சும்மா இல்லை. தாய்மாமன்மார், பங்காளிகள், சம்பந்தி வீட்டார் என்று பெயர்கள் பக்கம் பக்கமாகப் போகும். யார் பெயர் யாருக்கு மேலே என்பதில் மண்டை உடைந்த குடும்பங்கள் உண்டு. அதனால் குடும்பத்தோடு வேனில் வந்து இறங்குவார்கள். ஆப்பரேட்டரம்மா மாமன் வீட்டாரைத் தன் வலப்பக்கமும் பங்காளிகளை இடப்பக்கமும் உட்காரவைப்பார். அந்தக் குடும்பத்துக்கு முன்னே அடித்த பத்திரிகையைத் திரையில் திறந்து, ஒவ்வொரு பெயராகச் சத்தம் போட்டு வாசித்து, இரண்டு பக்கமும் தலையசைத்த பிறகுதான் அடுத்த பெயருக்குப் போவார். சண்டை அங்கேயே முடிந்துவிடும். அச்சான பிறகு குறை சொல்லி யாரும் திரும்பி வந்ததில்லை.

அப்படி வாசித்த அந்தக் கண்தான் போக ஆரம்பித்தது. பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள். கண்ணின் பின்பக்கத்தில் கோளாறு, கண்ணாடி மாற்றினாலும் இதற்குமேல் தெரியாது, எழுத்துப் பெரிதாக இருந்தால் இன்னும் பல வருஷம் வேலை பார்க்கலாம் என்றார்களாம். எங்களிடம் இருந்த தமிழ் ப்ரோகிராமிலோ தட்டச்சு செய்கிற கட்டம் தனியாக, சின்னதாக இருக்கும். அதில் எழுத்து ஒரே அளவுதான். எறும்பு ஊர்கிற மாதிரி. பெரிதாக்க வழி கிடையாது.

அந்தச் சமயத்தில்தான் புது சிஸ்டம் வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பியது. கம்ப்யூட்டரைப் போட்டதும் முதலில் வந்து உட்காருகிற மூல ப்ரோகிராமை எங்கள் சந்தில் சிஸ்டம் என்றுதான் சொல்வோம். வரப்போகிற புதியதில் எல்லா எழுத்தையும் வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்று, எங்களுக்குக் கம்ப்யூட்டர் விற்ற டீலர் வந்து சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து ஆப்பரேட்டரம்மா, புதுப் படத்துக்குக் காத்திருக்கிறவர்களைப் போலக் காத்திருந்தார். டீலர் கடைப் பையன் எது கொண்டுவந்து கொடுக்க வந்தாலும், "எப்ப தம்பி வருது?" என்று அதையே கேட்பார்.

டீலர் ஒரு ஓட்டல் ஹாலில் கூட்டம் போட்டார். மெட்ராஸிலிருந்து டை கட்டிய ஒருவர் வந்திருந்தார். அச்சகக்காரர்கள், டைப்பிங் சென்டர் வைத்திருந்தவர்கள், வக்கீல் குமாஸ்தாக்கள், பரவை மார்க்கெட்டிலிருந்து காய்கறிக் கமிஷன் கடைக்காரர்கள் என்று ஹால் நிறைந்திருந்தது. உங்கள் குறைகளைச் சொல்லுங்கள், புதியதில் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று சொல்லுங்கள் என்று மைக்கைச் சுற்றவிட்டார்கள். அவ்வளவு நாளும் மனதுக்குள் வைத்துப் புழுங்கியதையெல்லாம் ஆட்கள் கொட்டினார்கள். ஒருவர், "பிரிண்ட் போயிக்கிட்டு இருக்கும்போதே அப்படியே நின்னுருது சார், செத்த மாடு மாதிரி" என்றார். கமிஷன் கடைக்காரர் ஒருவர் எழுந்து, "கரண்டு போயி வந்தா நேத்துப் போட்ட கணக்கையே காணோம். வெங்காயம் அழுகுறத விட வெரசா அழுகுது உங்க மிஷினு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். டைக்காரரும் சிரித்து, புதியதில் அதெல்லாம் இருக்காது என்றார். எதைக் கேட்டாலும் அதே பதில்தான்.

நான் மைக்கை வாங்கி, "நாங்க வச்சிருக்கிற தமிழ் ப்ரோகிராம் புதுசுல ஓடுமா, அத மட்டும் சொல்லுங்க" என்றேன். படிக்காத நான்தான் அந்த ஹாலில் அதைக் கேட்டேன். "பழசுல ஓடுற எல்லாமே புதுசுலயும் ஓடும் சார்" என்றார் அவர், கொஞ்சமும் யோசிக்காமல். அடுத்து, என்னோடு வந்திருந்த ஆப்பரேட்டரம்மா எழுந்தார். ஆண்கள் நிறைந்த சபையில் அவர் பேசி நான் பார்த்ததில்லை. "எழுத்து பெருசாத் தெரியுமா சார்?" என்றார். "யானை அளவுக்குக்கூட ஆக்கலாம் மேடம்" என்றார் டைக்காரர். மறுபடியும் சிரிப்பு. அந்த அம்மா சிரிக்கவில்லை. உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு பிரியாணி போட்டார்கள்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்குச் சற்று முன்னால் புது சிஸ்டம் கைக்கு வந்தது. பூஜையன்று மிஷின்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம் வைத்து ஓய்வு கொடுப்போம். மறுநாள் விஜயதசமி காலையில் நல்ல நேரம் பார்த்துத் திறப்போம். புதிது எதைத் தொடங்கினாலும் அன்றைக்குத் தொடங்குவதுதானே எங்கள் வழக்கம். டீலர் கடை என்ஜினியர், முதலில் ஒரே ஒரு மிஷினில் போட்டுப் பார்க்கலாம் என்றுதான் சொன்னான். ஆப்பரேட்டரம்மாதான் தடுத்தார். "நல்ல நாளும் அதுவுமா ஒண்ணுக்கு மட்டும் புதுசு கட்டிவிட்டு மத்ததை மூளியா விடக் கூடாதுண்ணே. எல்லாத்துக்கும் ஒண்ணாப் போட்டுருங்க." எனக்கும் அது சரியென்றே பட்டது. எங்கள் சந்தில் யாரைக் கேட்டிருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். கடையில் இருந்த அத்தனை மிஷினிலும் பழையதை வழித்தெடுத்துவிட்டுப் புதியதை ஏற்றினான். தேங்காய் உடைத்தோம்.

ஆப்பரேட்டரம்மா தன் நாற்காலியில் உட்கார்ந்தார். என்ஜினியர் எதையோ அழுத்தினான். திரையில் எழுத்துகள் வீங்கிப் பெரிதாயின. டைக்காரர் அந்த ஒரு விஷயத்தில் பொய் சொல்லவில்லை. ஆப்பரேட்டரம்மா வழக்கம்போல முன்னால் குனிந்தார். அப்புறம் மெதுவாகப் பின்னால் சாய்ந்தார். முதுகு நாற்காலியில் படும்படி அவர் உட்கார்ந்து நான் எத்தனையோ நாளாகப் பார்க்கவில்லை. அங்கிருந்தபடியே ஒவ்வொரு இங்கிலீஷ் எழுத்தாகச் சத்தமாக வாசித்தார், முதல் வகுப்புப் பிள்ளை மாதிரி. பிறகு வீட்டுக்குப் போன் போட்டுத் தங்கள் பாஷையில் ஏதோ சொன்னார். எனக்கு அந்தப் பாஷை தெரியாது. ஆனால் என்ன சொன்னார் என்று தெரிந்தது.

தமிழ் ப்ரோகிராமைத் திறக்கப் போனபோது பகல் சாப்பாட்டு நேரம்கூட ஆகவில்லை. திறக்கவில்லை. அந்த ப்ரோகிராமுக்கு மிஷினின் முதுகில் சொருகுகிற ஒரு சின்னப் பூட்டு உண்டு. அது இருந்தால்தான் ஓடும். புது சிஸ்டத்துக்கு அந்தப் பூட்டையே அடையாளம் தெரியவில்லை. புது சிஸ்டத்தோடு கூடவே ஒரு தமிழ் வந்திருந்தது, உண்மைதான். ஆனால் அதைப் பத்திரிகைப் பக்கத்துக்குள் கொண்டுவந்தால் எழுத்துக்குப் பதில் வெறும் கட்டம் கட்டமாக நின்றது. ப்ரோகிராம் எழுதிய மெட்ராஸ்காரருக்குப் போன் செய்தேன். அவர் அந்தத் தொழிலையே விட்டுவிட்டாராம். டீலருக்குப் போன் செய்தேன். "அது அவங்க பிரச்சினை அண்ணாச்சி, நம்ம சிஸ்டத்துல ஒரு குறையும் இல்ல" என்றார். இன்றைக்கும் அந்தக் குரல் என் காதில் கிடக்கிறது. எவ்வளவு சம்பாதித்தும் அதை என்னால் வெளியே எடுத்துப் போட முடியவில்லை.

ஐப்பசி முகூர்த்தங்கள் நெருங்கிக்கொண்டிருந்தன. வேன்கள் வந்து நின்றன, திரும்பிப் போயின. எதிர்க்கடை போட்டோக்காரர் டீக்கடையில் வைத்து, "என்ன மாப்ள, உம்ம பத்திரிகைய மண்டபத்து வாசல்ல நின்னே படிக்கலாமாமே, அம்புட்டுப் பெரிய எழுத்தாமே" என்றார். நான் டீயைக் கீழே ஊற்றிவிட்டு வந்தேன். என்ஜினியரை வரவழைத்து ஒவ்வொரு மிஷினாகப் பழைய சிஸ்டத்துக்கே திருப்பச் சொன்னேன். "என்னுது மட்டும் இருக்கட்டும்ணே, ரெண்டு நாளு பாக்குறேன்" என்றார் ஆப்பரேட்டரம்மா. சரி என்றேன். புதுத் தமிழை எப்படியாவது பக்கத்துக்குள் ஏற்றிவிடலாம் என்று என்னென்னவோ செய்து பார்த்தார். கட்டங்கள்தான் வந்தன, பெரிது பெரிதாக. கடைசியில் அவரே எழுந்து நின்று, "இதையும் மாத்திரு தம்பி" என்றார். என்ஜினியர் என்னைப் பார்த்தான். நான் தலையசைத்தேன். வேறு என்ன செய்ய? பெரிய எழுத்து இருந்தால் தமிழ் இல்லை, தமிழ் இருந்தால் பெரிய எழுத்து இல்லை. அதைச் செய்தவர்கள் யாருக்கும் இந்த இரண்டும் ஒரே ஆளுக்குத் தேவைப்படும் என்று தோன்றவில்லை.

மறுபடியும் நெற்றி கண்ணாடியில் முட்ட ஆரம்பித்தது. இந்த முறை அவருக்குப் பொறுமையும் போய்விட்டது. பெரிய எழுத்து இல்லாத வரையில் தாங்கிக்கொண்டிருந்தவர், ஒரு காலைப்பொழுது பின்னால் சாய்ந்து உட்கார்ந்து வாசித்துவிட்டாரே. நேரமும் இல்லை, பெயர்களைச் சத்தமாக வாசிக்கிற பழக்கத்தைக்கூட அந்த அவசரத்தில் விட்டுவிட்டார். செக்கானூரணிப் பக்கத்து விவசாயக் குடும்பம் ஒன்றின் காதுகுத்துப் பத்திரிகை. பழைய பத்திரிகையைத் திறந்து, அதற்குப் பிறகு இறந்துபோன பெரியவர் பெயருக்கு முன்னால் 'தெய்வத்திரு' என்று சேர்க்க வேண்டும். ஒரு வரி தள்ளி, உயிரோடு இருக்கிற தாய்மாமன் பெயருக்கு முன்னால் சேர்த்துவிட்டார். கட்டுக் கட்டாக அச்சாகி ஊருக்குப் போய்விட்டது.

மறுநாள் அந்தத் தாய்மாமன் கடைக்கு வந்தார். நல்ல உயரம். முறுக்கிய மீசை. நேராக ஆப்பரேட்டரம்மா முன்னால் போய் நின்றார்.

"உசுரோட இருக்கிறவனுக்கு மாலையப் போட்டுட்டீகளே. சீர்வரிசையோட நான் வாரதா, இல்ல என் படம் வாரதா? இந்தா, முன்னால நிக்கிறேன். நல்லாப் பாரும்மா, தெரியிறேனா?"

ஆப்பரேட்டரம்மா நாற்காலியை விட்டு எழுந்தார். தலையை நிமிர்த்தி அவர் முகத்தைப் பார்த்தார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முகத்தைச் சாய்த்துப் பார்த்தார்.

"இல்லண்ணே. தெரியல" என்றார்.

அந்த மனிதருக்கு ஏறிவந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்து, "வேற அடிச்சுக் குடுங்கய்யா, இதை யாருகிட்டயும் சொல்ல வேணாம்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த நாள் ஆப்பரேட்டரம்மா வரவில்லை. நான் வில்லாபுரத்துக்கு ஆள் அனுப்பினேன், நானே போனேன், வேறு வேலை தருகிறேன் என்றேன். கடைக்கு வந்து சும்மா உட்கார்ந்திருக்கத் தன்னால் ஆகாது என்றார். மூத்த பெண் படிப்பை நிறுத்திவிட்டு ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போனது.

அதற்குப் பிறகு நான் வளர்ந்தேன். கோச்சடையில் வீடு கட்டினேன். கடையை மூன்று மாடியாக்கினேன். ஆப்செட் மிஷின் இரண்டு ஓடுகிறது. சில வருஷம் கழித்து அதைவிடப் புதிய சிஸ்டம் வந்தது. டீலர் மறுபடியும் கூட்டம் போட்டார். இந்த முறை வேறொரு டைக்காரர். அதே மைக், அதே குறைகள், அதே சிரிப்பு. மைக் என்னிடம் வந்தபோது நான் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்து ஆளிடம் தள்ளிவிட்டேன். பிரியாணி சாப்பிடாமல் வந்தேன். ஆனால் இந்த முறை முதலில் ஒரே ஒரு மிஷினில்தான் போட்டேன். அதோடு வந்த தமிழே பத்திரிகைப் பக்கத்துக்குள் கட்டமில்லாமல் ஓடியது. எழுத்தும் பெரிதாகியது. இரண்டும் சேர்ந்து ஒரே திரையில் நின்றதைப் பார்த்ததும் நான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வில்லாபுரத்துக்குப் போனேன்.

ஆப்பரேட்டரம்மா வாசலில் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தார். விரல்கள் பழைய வேகத்தில்தான் ஓடின. பார்வை மட்டும் தெருவில் எங்கேயோ இருந்தது. குரலைக் கேட்டுத்தான் என்னைக் கண்டுபிடித்தார். நான் நின்றபடியே சொன்னேன், இரண்டும் வந்துவிட்டது, தமிழும் வருகிறது, எழுத்தும் யானை அளவுக்கு வருகிறது, உன் நாற்காலி அப்படியேதான் கிடக்கிறது, வா என்று. அவர் கையை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும் சிரித்தார்.

"இதுலயும் ஏதாச்சும் ஒரு குறை இருக்கும்ணே. அதைச் சரி பண்ண இன்னொண்ணு வரும். அதுவரைக்கும் காத்திருக்கிறதுக்கு எனக்கு அம்புட்டுக் கண்ணு இல்லண்ணே."

அவர் பெண் காபி கொண்டுவந்தது. குடித்தேன். ஸ்கூட்டரைக் கிளப்பும்போது, "யாருண்ணே இப்ப அந்த மிஷின்ல உக்கார்றது?" என்று கேட்டார். சின்னப் பெண் ஒருத்தி என்றேன்.

"பேரைச் சத்தமா வாசிக்கச் சொல்லுங்க" என்றார்.