சாம்பிராணிப் புகையும் என் மூச்சும்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு ஆடி மாதம். புதுச்சேரி பெரிய மார்க்கெட் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலைக்கு நின்றுகொண்டிருந்தேன். என் சம்பளத்தில்தான் வீடு ஓடியது.

வெள்ளிக்கிழமை மாலையானால் சாம்பிராணி போடும் பாய் கடை கடையாக வருவார். எங்கள் முதலாளி அவரை உள்ளே கூப்பிட்டு மூலை முடுக்கெல்லாம் புகை காட்டச் சொல்வார். எனக்கோ சின்ன வயசிலிருந்தே வீசிங். புகை வந்ததும் பின்னாலிருக்கும் ஸ்டாக் ரூமுக்கு ஓடி, யாருக்கும் தெரியாமல் இன்ஹேலர் அடித்துக்கொண்டு வருவேன். அந்த வாரம் ஸ்டாக் ரூம் முழுக்க தள்ளுபடிச் சேலை மூட்டை. ஒளிய இடமில்லை. கவுண்டரிலேயே மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. கஸ்டமர் எதிரிலேயே இன்ஹேலரை எடுத்தேன்.

"சாமி புகைக்கு யாருக்காச்சும் இப்படி வருமா? எல்லாம் மனசுதாம்மா" என்றார் முதலாளி. கூட நின்ற பெண்கள் சிரித்தார்கள்.

மறுநாள் சாரம் பகுதியில் நான் வழக்கமாகப் பார்க்கும் டாக்டரம்மாவிடம் போய் அழுதேன். அவர் சொன்னது இதுதான்: "உடம்புல சில புரதம், எதிரி வந்துட்டான்னு கூச்சல் போடும். வேற சிலது, போதும் அடங்குன்னு சொல்லும். உனக்குக் கூச்சல் ஜாஸ்தி, அடக்குறது கம்மி. அதான் லேசான புகைக்கே மூச்சுக்குழாய் வீங்கிக்குது. மனசுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. மருந்த ஒழுங்கா எடு, புகைகிட்ட போவாத."

வெளியே வரும்போது அழுகை போய் கோபம் வந்திருந்தது. ரத்தத்தில் நடக்கிற விஷயத்துக்கு நான் ஏன் மூட்டைக்குப் பின்னால் ஒளிய வேண்டும்?

அடுத்த வெள்ளி. கடை நிறைய கூட்டம். பாய் தூபக்கால் சட்டியோடு வந்தார். நான் போய் வாசலை மறித்து நின்றேன்.

"பாய், உள்ள வராதீங்க. எனக்கு மூச்சு நின்னுடும்."

முதலாளி கல்லாவிலிருந்து கத்தினார். "வெள்ளிக்கிழமையில என்னா பேச்சு இது? நவுரு. இல்லன்னா வேலைய விட்டுப் போ."

"போறேண்ணே. ஏன் போறேன்னு இங்க இருக்கிற எல்லார்கிட்டயும் சொல்லிட்டுப் போறேன்."

சேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பாய் என்னைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார். பிறகு சட்டியை வெளிப்படிக்குக் கீழே இறக்கினார்.

"முதலாளி, புகைய இங்கியே போட்டுடறேன். பரக்கத்து உள்ள வரும், யாவாரம் நல்லா நடக்கும், கவலப்படாதீங்க. புள்ள மூச்சு உடட்டும்."

அதோடு முடிந்தது. வேலையும் போகவில்லை. ஒரு மாதம் முதலாளி என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசாவிட்டால் போகிறது. அந்த ஆடியில் வியாபாரம் ஒன்றும் படுத்துவிடவில்லை, புகை இன்றுவரை படி தாண்டவும் இல்லை. எனக்கும் சேர்த்துத்தான் காற்று இருக்கிறது. அதைக் கேட்டு வாங்க நான் ஏன் வெட்கப்பட வேண்டும்?