அட்டைக்குள் நான் எழுதிய மூன்று வரி

எனக்குக் கோபம் வந்தால் கை முந்திக்கொள்ளும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைத் தொட்டதில்லை; பெரிய ஆட்களை அடித்திருக்கிறேன். ஒருமுறை பஸ்ஸில் வேண்டுமென்றே இடித்தவனைக் குடைக் காம்பால் அடித்தேன். இன்னொருமுறை கினிகத்தேனை டவுனில் ஒரு துணிக்கடைக்குள் வைத்து ஒருத்தியின் புருஷனை. முதலாவதுக்கு நான் வருத்தப்படவில்லை. இரண்டாவதுக்கு இன்றைக்கும் வருத்தப்படுகிறேன்.

அந்தத் துணிக்கடை ஒரு முஸ்லிம் பெரியவருடையது. ஊரே அவரை நானா என்றுதான் கூப்பிடும். ஞாயிறு மத்தியானம் வியாபாரம் ஓய்ந்ததும் கடையின் பின்னறையில் துணிப் பொதிகள் மேல் உட்கார்ந்து மூன்று பேர் புத்தகம் பேசுவோம். நானா, நான், பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண்; தங்கச்சி என்றுதான் கூப்பிடுவோம். சாமான் வாங்க டவுனுக்கு வரும் சாக்கில் அவள் வருவாள். இந்த வாரம் என்ன படித்தோம், எது பிடித்தது, யார் எதை அடுத்துப் படிக்கலாம், அவ்வளவுதான் பேச்சு. மூவரில் அவள்தான் கெட்டிக்காரி. நானும் நானாவும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய ஒரு நாவலை ஒரே போடாகப் போட்டாள்: "இந்த ஆளு பொய் சொல்றாரு டீச்சர். பட்டினி கெடந்தவனுக்கு இம்புட்டு வார்த்த வராது."

ஒவ்வொரு புத்தகத்துக்கும் நானா காக்கித் தாளில் அட்டை போட்டுவிடுவார். படித்து முடித்தவர் பின் அட்டையின் உள்பக்கத்தில், அடுத்து யார் படிக்க வேண்டும், ஏன் என்று பென்சிலால் எழுத வேண்டும். பேர் போடக் கூடாது. "பேரப் பாத்தா ஆளுக்காகப் படிப்போம், புத்தகத்துக்காகப் படிக்க மாட்டோம்" என்பது நானாவின் சட்டம். எங்களுக்குள் கையெழுத்து தெரியும், பேர் எதற்கு? இந்தக் காலத்தில் இதெல்லாம் என்ன கூத்து, போனில் ஒரு குரூப் போடுவோம் என்றேன். "எங்க வீட்டுல போன் அவரு கையிலதான் இருக்கும் டீச்சர்" என்றாள் தங்கச்சி. அத்தோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டோம்.

ஒரு ஞாயிறு அவள் கழுத்தில் கன்றிப்போன தடம் இருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்து, "கூடக் கயிறு அறுத்துருச்சு" என்றாள். கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டுவார்களா, கழுத்தில் மாட்டுவார்களா? நானும் தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டில் பிறந்தவள்தான், எனக்கே கதையா? ஆனாலும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு உதடு வெடித்திருந்தது. அப்போதும் கேட்கவில்லை. கேட்டால் அவளுக்கு மானக்கேடு என்று நானே ஒரு நியாயம் வைத்துக்கொண்டு, கேட்பதற்குப் பதிலாக ஒரு நாவலைக் கொடுத்தேன். புருஷனிடம் அடிபட்டு அடிபட்டு, கடைசியில் வீட்டை விட்டுப் போய்விடும் ஒருத்தியின் கதை. அட்டைக்குள் மூன்று வரி எழுதினேன்:

"இதை நீங்கள் கட்டாயம் படிக்க வேண்டும். படிக்கும்போது உங்கள் முகம்தான் கண்ணுக்கு முன்னால் வந்தது. அவள் துணிந்து போனதுபோல் நீங்களும் துணிய வேண்டும்."

எழுதிவிட்டுப் பெரிய காரியம் செய்த மாதிரி வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினேன்.

அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. அவளுடைய புருஷன் வந்தான். கையில் கிழித்தெடுத்த காக்கித் தாள்.

"எவன்டா எழுதுனது? எம்பொண்டாட்டி மொகம் எவன் கண்ணுக்குடா தெரியுது?"

கடையில் இருந்த ஒரே ஆம்பளை நானா. அறுபது தாண்டிய மனுஷனைச் சட்டையோடு பிடித்துச் சுவரில் மோதினான். மூக்கிலிருந்து ரத்தம் இடுப்பில் கட்டியிருந்த வெள்ளைச் சாரத்தில் சொட்டியது. நானா ஒரு தடவை என்னைப் பார்த்தார், காட்டிக்கொடுக்கவில்லை. "நான் எழுதல்ல தம்பி" என்று மட்டும் சொன்னார். இரண்டாவது தடவையும் மோதினான்.

"விடுடா அவர! நான்தான்டா எழுதுனேன்!"

திரும்பினான். "எம்பொண்டாட்டிய ஓடச் சொல்ல நீ யாருடி?" என்று என் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினான். பொதிகள் மேல் விழுந்தேன். எழும்பும்போது என் கையில் துணி அளக்கும் இரும்புக் கோல் இருந்தது. முதல் அடி மணிக்கட்டில், இரண்டாவது தோளில். அவன் கீழே விழுந்துவிட்டான். மூன்றாவது அடி தேவையே இல்லை. முதுகில் போட்டேன். பொய் சொல்ல மாட்டேன், அந்த அடி எனக்கு இனித்தது.

வாசலில் சனம் கூடிவிட்டது. யாரோ விசிலடித்தான். எதிர்க் கடை முதலாளி சிங்களத்தில் "ஹொந்த வெடே!" என்று, நன்றாக வேண்டும் என்ற மாதிரி கை தட்டினார். அத்தனை பேர் முன்னாலும் ஒரு பொம்பளையிடம் அடி வாங்கிக்கொண்டு அவன் தலையைக் குனிந்தபடி பஸ் ஏறினான். எனக்கு நெஞ்சு நிமிர்ந்து நின்றது.

நானா மூக்கைத் துணியால் அழுத்திக்கொண்டு கேட்டார்: "அவன் இப்ப எங்க போவான்னு யோசிச்சீங்களா டீச்சர்?"

"எங்கயாச்சும் போய்த் தொலையட்டும்" என்றேன்.

வீட்டுக்குத்தான் போனான். வேறு எங்கே போவான்? நாவலைக் கிழித்துக் கிழித்து அடுப்பில் போட்டான். அடுப்புக்குப் பக்கத்தில் விறகாக மிலாறு அடுக்கியிருந்தது; கவ்வாத்து வெட்டிக் கழித்த தேயிலைக் குச்சி அது, இரும்பு மாதிரி இருக்கும். அதில் தடித்ததாக ஒன்றை உருவினான். நான் கொடுத்தது மூன்று அடி. அவளுக்கு விழுந்ததை லயத்தில் யாரும் எண்ணவில்லை, கதவையும் யாரும் தட்டவில்லை. வலது கை இரண்டு இடத்தில் முறிந்தது. முன் பல் இரண்டு போனது. மறுநாள் காலை வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு அவள் வராததால்தான் விஷயம் வெளியே வந்தது.

நான் ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது கையில் கட்டுப் போட்டிருந்தார்கள். அவளுடைய சின்ன மகள் கட்டில் ஓரத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள். பொலிஸ்காரரிடம், தோட்டத்துத் தண்ணீர்க் கானில் வழுக்கி விழுந்ததாக அவள் சொல்லியிருந்தாள். எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது.

"அவன உள்ள தள்ளாம விட மாட்டேன்!"

"கத்தாதீங்க டீச்சர். நீங்க அவர அடிச்சது எனக்குத்தான் வந்துச்சு."

பிளந்த உதட்டால் மெதுவாகக் கேட்டாள்: "அந்தக் கதைய நான் முடிக்கல. பாதியிலயே புடுங்கிட்டாரு. அவ போனாளே, எங்க போனா? யாரு வீட்டுல இருந்தா?"

யோசித்துப் பார்த்தேன். "அது எழுதலம்மா. ரோட்டுல நடந்து போறதோட முடிஞ்சிரும்."

"ரோட்டுலயா?" என்றாள். தூங்கும் மகளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்தாள். "நான் துணிஞ்சுட்டேன் டீச்சர். உங்க வீட்டுக்கு வர்றேன். நானும் இவளும். ஒரு மூல போதும்."

மூன்று வரி எழுதியவள், கடைக்குள் கோலைத் தூக்கியவள், நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"எங்க வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வர்றேன்."

அவள் கையை எடுத்துக்கொண்டாள். "கேட்டுட்டு வாங்க" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தாலாவது தேவலை.

வீட்டில் நான் சொல்லி முடிக்கவே இல்லை. "இதக் கேக்கவா பஸ் ஏறி வந்த? கையோட கூட்டிட்டு வர வேண்டியதுதான?" என்றார் அவர். முன்னறையைக் கூட்டித் துடைத்தேன். மறுநாள் காலை பள்ளிக்கூடத்தில் கையெழுத்து வைத்து, அரைநாள் லீவு எழுதிக் கொடுத்து, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது பதினொரு மணி. அந்தக் கட்டிலில் வேறொரு கிழவி படுத்திருந்தாள்.

தாதி என்னை மேலும் கீழும் பார்த்தார். "காலையிலயே புருஷன் வந்து கூட்டிட்டுப் போயிட்டாரு. மத்தியானம் வரைக்கும் டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பிராதீங்க மிஸ், ஒரு டீச்சர் என்னக் கூட்டிட்டுப் போக வருவாங்கன்னு அந்தப் புள்ள ரெண்டு தடவ வந்து கேட்டுச்சு. அது நீங்கதானா?"