பேச்சியம்மாளின் கீரைப் பாத்தி

பெரியகுளத்தில் ஒரு தனியார் மண் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தாறு வருடம் லேப் டெக்னீஷியனாக இருந்தேன். எத்தனையோ சாம்பிள் பார்த்திருக்கிறேன். இது ஒன்றை மட்டும் எழுதி வைக்கத் தோன்றியது.

கெங்குவார்பட்டியிலிருந்து பேச்சியம்மாள் ஒரு பையில் மண் கொண்டுவந்தார். குத்தகை நிலத்தில் அரைக்கீரையும் முள்ளங்கியும் போட்டு ஊருக்குள் விற்பவர். என்ன உரம் போடலாம் என்று கேட்கத்தான் வந்தார். மண்ணைச் சலித்தபோது சல்லடையில் கறுப்பு பிளாஸ்டிக் துண்டுகளும், கீறினால் பளபளக்கும் சாம்பல் நிறத் துணுக்குகளும் தங்கின.

"அக்கா, அங்கன முன்னாடி என்ன இருந்துச்சு?"

"பழைய பேட்டரிய உடைச்சு உருக்குன கொட்டகைன்னு சொன்னாக. நான் வாரப்ப வெறுந்தரைதான் தாயி."

பேட்டரி என்றால் ஈயம். அதைப் பார்க்கும் மெஷின் எங்களிடம் இல்லை. மேனேஜர் யோசித்தார்.

"ஏம்மா, அவுக உரத்துக்குத்தான கேட்டாக? அத மட்டும் எழுதிக் குடு."

"சார், அந்தக் கீரைய ஊரே திங்குது. ஈயம் பாக்காம நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அவரை எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் முறை. கடைசியில் சாம்பிளைக் கோயம்புத்தூர் லேபுக்குக் கூரியர் போடச் சொன்னார். ரிசல்ட் வரும்வரை விற்க வேண்டாம் என்று பேச்சியம்மாளுக்குப் போன் செய்தேன். கோபமாக வைத்துவிட்டார்.

ஈயம் அளவுக்கு மேல் இருந்தது. ரிப்போர்ட்டைத் தபாலில் போட மனம் வரவில்லை. பஸ் ஏறி நானே தோட்டத்துக்குப் போனேன். கீரை அறுக்கும் பருவத்தில் தளதளவென்று நின்றது.

"கழுவுனா போயிராதா?"

"மேல ஒட்டுன மண்ணு போகும்க்கா. வேர் இழுத்தது போகாது."

"நானும் தெனம் இதத்தான் திங்கேன். ஒண்ணும் கசக்கலையே" என்று வரப்பில் உட்கார்ந்துவிட்டார். பிறகு கேட்டார்: "அப்ப ஆட்டுக்கும் போடக் கூடாதுல்ல?"

நான் சொல்ல மறந்ததை அவரே கேட்டார். இருவருமாக அத்தனையையும் பிடுங்கிச் சாக்கில் கட்டினோம்.

மறுநாள் அவர், கீரை கொடுத்த வீடுகளுக்கெல்லாம் போய்த் தானே விஷயத்தைச் சொன்னார். ஆஸ்பத்திரியில் பேச்சியம்மாளுக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஈயம் கொஞ்சம் கூடுதல் என்றார் டாக்டர். சில மாதங்களில் அது குறைந்தது.

இனி அவரிடம் யார் வாங்குவார்கள் என்று பயந்துகொண்டிருந்தேன். அவர் வேறு நிலம் பார்த்து, குத்தகை பேசி முடிப்பதற்கு முன்பே அந்த மண்ணைக் கொண்டுவந்தார். அது சுத்தமாக இருந்தது. முதல் அறுப்பன்று போன் வந்தது: "எட்டு மணிக்கெல்லாம் கூடை காலி தாயி. நான் சொன்னா சரியாத்தான் இருக்கும்கிறாக."

ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டவுடன் வேலை முடிந்தது என்று அதுவரை நினைத்திருந்தேன். சாப்பிடுகிறவருக்கு விஷயம் போய்ச் சேர்ந்தால்தான் முடிகிறது. பாதி வழி நான் கொண்டுபோனேன். மீதியைப் பேச்சியம்மாள் வீடு வீடாக நடந்து கொண்டுசேர்த்தார்.