ரெண்டு டிஸ்குக்கும் பொட்டு

இன்றைக்கு வயிறெரிந்து எழுதுகிறேன்.

வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் டி-ஷர்ட் பேட்டர்ன் வரைவது என் வேலை. வரைந்தது அத்தனையும் ஒரே ஹார்ட் டிஸ்கில் இருந்தது. காலையில் புது டிஸ்க் ஒன்று வந்தது. இரண்டும் ஒரே மாதிரி கறுப்புப் பெட்டி.

புதிதாக எது வந்தாலும் எங்கள் முதலாளி சந்தனம், குங்குமம் வைத்துவிடுவார். அந்த நம்பிக்கையில் கம்ப்யூட்டர் சர்வீஸ்காரரிடம், "பொட்டு வச்சதை மட்டும் ஃபார்மேட் பண்ணுங்க" என்று போனில் சொல்லிவிட்டு துணிக்குச் சாயம் போடும் டையிங் பட்டறை வரைக்கும் போய்வந்தேன்.

இரண்டு டிஸ்கும் காலி.

"உள்ள ஃபைல் இருந்தது கண்ணுக்குத் தெரியலையா?" என்று கத்தினேன்.

"தெரிஞ்சுதுங்க. ஆனா ரெண்டுலயும் பொட்டு இருந்துச்சுங்களே" என்றார் சர்வீஸ்காரர், பவ்யமாக.

முதலாளியைப் பார்த்தேன்.

"பழசுந்தானுங்களே நமக்குச் சோறு போட்டுது. அதுக்கு மட்டும் வெக்காம உட்டா நல்லாருக்குமுங்களா? கோவிச்சுக்காதீங்க, ஒரு டீ சாப்புடுங்க."

குடியைக் கெடுத்துவிட்டு 'ங்க' போட்டுப் பேசுகிறவர்களை எந்த வாயால் திட்டுவது?

'பேக்கப் எடுத்து வைக்கவில்லையா' என்று கமெண்டில் கேட்க வரும் அறிவாளிகளே, புது டிஸ்க் வாங்கியதே அதற்குத்தான்.