அப்பா கல்லறையில் வேறொரு பெயர்

உப்புக்காற்றில் பெயிண்ட் நிற்காது. அதனால் மரக்காணத்தில் நாங்கள் கல்லறைக்குப் பெயர் எழுதுவதில்லை, சுண்ணாம்பு மட்டும்தான் அடிப்போம். கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் போனால், என் அப்பா கல்லறையில் யாருடைய பெயர்க்கல்லையோ பதித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வெளிநாட்டுக்காரர் மண்டியிட்டு அழுதுகொண்டிருந்தார். வெள்ளைக்காரன் காலத்தில் அமெரிக்கா பக்கத்துத் தீவுக்குக் கரும்பு வெட்டக் கப்பலேறியவராம் அவருடைய முப்பாட்டன். அந்த முப்பாட்டனைப் பெற்றவரின் கல்லறை இது என்று உள்ளூர் கைடு காட்டிவிட்டான்.

“டேய், எங்கப்பனையே வித்துட்டியாடா?”

“பேர் எழுதலியே அண்ணே! உங்கப்பாதான்னு யார் சொல்றது?”

கோயிலுக்கு ஓடினேன். அடக்கம் செய்த பங்குச்சாமியார் வந்து சொன்ன பிறகுதான் கல்லைப் பெயர்த்தார்கள்.

“அப்ப அவங்களுது எங்கேன்னு கேக்கறாரு” என்றான் கைடு. யாருக்குத் தெரியும்? வெளிநாட்டுக்காரர் கல்லைச் சுமந்துகொண்டு போனார்.

அந்த ஈரச் சிமெண்டிலேயே ஆணியால் அப்பா பெயரைக் கீறினேன். இப்போதெல்லாம் சுண்ணாம்பு அடித்ததும், அந்த எழுத்துகளை மட்டும் விரலால் துடைத்துவிடுகிறேன்.